கோதண்டராமன் விற்காத ஷேர்

"இந்த மாதிரி சுயநலம் பிடிச்ச ஆளை நான் பார்த்ததே இல்ல மங்களம்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார் சாமுவேல். அரிசி களைந்துகொண்டிருந்த அவர் மனைவி மங்களம் யார் என்று கேட்கவில்லை. ஒரு வாரமாக அவர் வாயில் வேறு பேர் வந்தால்தானே?

கோதண்டராமன். பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருப்பவர். அவர் பெண்ணும் சாமுவேலின் பெண் ஷைலஜாவும் ஒரே வகுப்பு. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ஷேர் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

சாமுவேல் அப்போதுதான் சுரங்கத்தில் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தார். ஆயுசெல்லாம் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் பூமிக்குள் இறங்கி ஏறியதற்கு மொத்தமாக ஒரு தொகை. ஷைலஜாவை நர்சிங் படிக்க வைக்க அதை விட்டால் வேறு நாதி கிடையாது. அது இரண்டாயிரமாவது வருஷத்து ஆரம்பம். கம்ப்யூட்டர் என்று பேர் வைத்துக்கொண்ட எந்தக் கம்பெனிக்கும் மவுசு ஏறிக்கொண்டிருந்தது. பம்புசெட் செய்துகொண்டிருந்த ஒரு பெங்களூர் கம்பெனியும் பேரை மாற்றிக்கொண்டது. அதன் ஷேர் விலையைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து சாமுவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வாங்கித் தரச் சொல்லிக் கோதண்டராமனிடம் போனார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"போன வருஷ லாபத்தைப் பார்த்து மயங்காதீங்க. அது கம்பெனி இடத்தை வித்து வந்தது. பத்து வருஷ லாபத்தையும் எடுத்து, அன்னிக்கு ரூபாயை இன்னிக்கு விலைவாசிக்கு மாத்தி, சராசரி போடணும். அதோட பக்கத்துல ஷேர் விலையை வச்சுப் பார்க்கணும். நான் பார்த்தேன். இந்த விலைக்கு வாங்கினா, கம்பெனி சம்பாதிச்சு உங்க காசு திரும்பி வர்றதுக்குள்ள ஷைலஜாவே பாட்டி ஆயிடுவா."

சாமுவேல் கிளம்புவதாக இல்லை. கோதண்டராமனும் விடவில்லை. ஒரு நாள் வெடியில் தங்கம் மின்னும் கல் கிடைத்தால், அதை மட்டும் வைத்துச் சுரங்கத்துக்கு விலை போடுவீர்களா என்று கேட்டார்.

"அது எப்டி சார்? மேலேர்ந்து கீழ வரைக்கும் எல்லா லெவல் கல்லையும் சேத்துதான் பாக்கணும்."

"அதேதான் இதுவும்."

"அது கல்லு சார். இது கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார் சாமுவேல்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கூட வேலை பார்த்த வால்டர் ஒரு செய்தி சொன்னான். அதே கம்பெனி ஷேர் கோதண்டராமன் வீட்டு பீரோவில் கட்டுக் கட்டாக இருக்கிறதாம்.

சாமுவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய், இருப்பதில் பாதியைத் தனக்கு விற்கச் சொன்னார். பேப்பரில் போட்டிருக்கும் விலையையே கொடுக்கிறேன் என்றும் சொன்னார்.

"உங்களுக்கு விக்க மாட்டேன் சாமுவேல்" என்றார் கோதண்டராமன். அவ்வளவுதான் பேச்சு.

அந்தக் கோபத்தோடுதான் செருப்போடு வீட்டுக்குள் வந்தது.

"அவரு மட்டும் கோடீஸ்வரன் ஆவணும், நாம இப்டியே கெடக்கணும். இன்னா மனுஷன் அவரு?"

மங்களம் உலையை மூடினாள். "முன்னபின்ன தெரியாத புரோக்கர் கையில பணத்தைக் குடுக்க நான் விட மாட்டேன். பேசாம போஸ்ட் ஆபீஸ்ல போடுங்க."

வீம்புக்கு அப்படியே போட்டார். போட்டுவிட்டு, ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து பங்காருபேட்டை வரை ரயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் கோதண்டராமனின் பேராசையைச் சொல்லித் தீர்த்தார். தெருவில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வருஷம் முடிவதற்குள் கம்பெனி படுத்துவிட்டது. ஆபீசைப் பூட்டிப் போர்டையும் கழற்றிவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. டீக்கடையில் அதைப் படித்த சாமுவேல் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்கு ஓடிவந்து போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஷைலஜா அப்போது ஹாஸ்டலில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "ஆண்டவரே" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், அப்புறம் ரொம்ப நேரம் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கிறிஸ்துமஸ் கேக்கை எடுத்துக்கொண்டு மங்களத்தோடு கோதண்டராமன் வீட்டுக்குப் போனார்.

"சார், உங்களை வாய்க்கு வந்த மாதிரி பேசிட்டேன். எங்க காசு தப்பிச்சுது, உங்களாலதான். ஆனா உங்க காசு போயிடுச்சே. கணக்குத் தெரிஞ்ச நீங்க ஏன் சார் அப்பவே விக்கல?"

"நீங்க சொன்னதுதான். பேராசை" என்று சிரித்தார் கோதண்டராமன். "வாங்குறப்ப கணக்குப் போடல. வாங்கின அப்புறம்தான் புத்தி வந்தது." கேக் வெட்டக் கத்தி எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனார்.

அவர் மனைவி அம்சவேணிக்குப் பொறுக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பேராசையும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. கணக்குப் போட்டுப் பார்த்த மறுநாள்லேர்ந்து அதைத் தள்ளிவிட பெங்களூருக்கு நடையா நடந்தாரு. பேப்பர்ல யாரோ ஏத்திவிட்ட விலைதான் இருந்துச்சு, நெசமா கேட்டா வாங்க ஆளில்ல. தூக்கமில்லாம புரண்டவரு, உங்ககிட்ட முடியாதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினாரு."

"ஏம்மா, எங்கிட்ட முடியாதுன்னு சொன்னதுல இன்னா நிம்மதி?"

"அந்தச் சுமையை உங்க தலையில ஏத்தலையேங்கிற நிம்மதிதான். அதை வாங்குறேன்னு பணத்தோட வந்த ஒரே ஆளு நீங்கதாண்ணே."