பந்தயம் முடியும் வரை

"கல்யாணப் பேச்செல்லாம் வேண்டாம் தம்பி. டீயைக் குடிச்சிட்டு கிளம்புங்க."

பெண் கேட்டு வந்தவனிடம் பெரியவர் சொல்லி வாயை மூடவில்லை, வெளியே சைரன் ஊதியது. அடுத்த நிமிஷம் வீட்டைச் சுற்றிலும் கார்கள் சீறத் தொடங்கின.

அந்த வீடு கார்ப் பந்தயத் தடத்துக்கு நட்டநடுவே இருந்தது. வருடத்துக்கு ஒருநாள், பன்னிரண்டு மணி நேரப் பந்தயம். அது முடியும்வரை தடத்தைக் கடக்கும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

"போச்சு. இனி சாயங்காலம் வரைக்கும் நீங்க என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

"பரவாயில்ல சார். நான் என்ன வேலை பாக்கறேன்னாவது..."

"எதுவும் வேண்டாம். என்னைக் கேக்காம என் பொண்ணு முடிவு பண்ணினது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

அம்மாவும் மகளும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. இன்றைக்கு அப்பா மசியாவிட்டால் இனி என்றைக்கும் மசியமாட்டார் என்று மகளுக்குத் தெரியும்.

சும்மா இருப்பது பெரியவருக்கு ஆகாத காரியம். கொஞ்ச நேரத்தில் தடத்தின் சரித்திரத்தை அவிழ்த்துவிட்டார். ஒரு காலத்தில் இது விமான ஓடுதளமாம். பிறகு பந்தயக்காரர்கள் வந்தார்களாம். வீட்டை விற்கமாட்டேன் என்று அவருடைய அப்பா ஒற்றைக்காலில் நின்றதால், தடம் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனதாம்.

"பேரே 'பிடிவாதக்காரன் வளைவு'. எங்கப்பாவைத் திட்டாம ஒருத்தனும் இதுல காரைத் திருப்ப மாட்டான்."

"டிராக் நேரா இருந்தா எவன் சார் பாக்க வருவான்? இந்த வளைவுக்குத்தான் இவ்ளோ கூட்டமும்."

"சாப்பிட வாங்க" என்று எழுந்தார் பெரியவர்.

சாப்பிட்டதும் அதே கதை மறுபடியும். மூன்றாம் முறை அவர் நடுவில் ஏதோ மறந்துபோக, இவனே எடுத்துக்கொடுத்தான். செஸ் ஆடினார்கள். பெரியவர் தோற்றார்.

"பொண்ணு கேக்க வந்த இடத்துல ஜெயிக்கறீங்க?"

"வேணும்னே தோத்தா உங்களை ஏமாத்தின மாதிரி சார்."

வெளியே பாதிக் கார்கள் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டன. இவன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

சாயங்காலம் இரைச்சல் அடங்கியது. பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"உங்க வீட்டுப் பெரியவங்களை வரச் சொல்லுங்க. பேசி முடிச்சிடலாம்."

மகள் சமையலறையிலேயே அழுதுவிட்டாள். எழுந்து விடைபெற்றவனின் தோளைப் பிடித்து நிறுத்தினார் பெரியவர்.

"ஒரு விஷயம், மனசு உறுத்துது. டிராக்குக்கு அடியில போன மாசமே சுரங்கப்பாதை திறந்தாச்சு. நீங்க எப்ப வேணா போயிருக்கலாம். ஒருநாள் முழுக்க என்னைத் தாங்கறீங்களான்னு பாக்கத்தான் மறைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை."

"தெரியும் மாமா. அதைக் கட்டின இன்ஜினியரே நான்தான்."