மூன்று மாத விசா

இத்தனை வருஷம் கெஞ்சியும் கிடைக்காத விசா இப்போது மட்டும் எப்படிக் கிடைத்தது என்று லத்தீபாவுக்குள் கோபம் புகைந்தது. பெரியபட்டினத்து வீட்டில் அவள் கையிலிருந்த போனில், கணவன் கபீர் தேனாகப் பேசினான்.

"அபுதாபியை வந்து பாரு புள்ள. பெரிய பள்ளிவாசல், மியூசியம், பக்கத்துத் தீவுல கூட்டங்கூட்டமா மானு. மூணு மாசம் குடும்பமா சுத்தலாம்."

"நம்ம மவளுக்கும் விசா எடுத்தாச்சா மச்சான்?"

"அவ எங்க உம்மாகிட்ட இருக்கட்டும்."

"அவ இல்லாம என்ன குடும்பம்?"

கபீர் தொண்டையைச் செருமினான். "சொல்லணும்னுதான் இருந்தேன். இங்கன ஒருத்திய நிக்காஹ் முடிச்சிருக்கேன். அவளுக்கு அடுத்த மாசம் பேறுகாலம். அவ உம்மாவுக்கு விசா கெடைக்கல. கூட இருந்து பாக்க நம்ம ஆளுன்னு வேற யாரு இருக்கா?"

லத்தீபா குரலை உயர்த்தவில்லை.

"நான் வரல. பத்தியச் சோறு நீங்களே பொங்கிப் போடுங்க."