வேலியில் ஒரு பள்ளம்

மலையுச்சித் தோட்டத்தில் பத்து மணி வெயில் இலைகளின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கீழே நகரம் முழுக்கக் கூரைகள். பார்வை மேடையை ஒட்டிய செடிவேலி மார்பளவு உயரத்தில் நேராக ஓடி, ஓரிடத்தில் மட்டும் இடுப்பளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. தோட்டக்காரி அங்கேதான் நிற்கிறாள். அந்தப் பள்ளத்தின் வழியே பார்த்தால் அவள் வீட்டு மொட்டைமாடி நகத்தளவுக்குத் தெரியும். கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்துவிட்டு இப்போது நடந்து பழகும் மகள் சொல்லியிருக்கிறாள்: "நானா மாடி ஏறுற அன்னிக்கு கொடியில சிவப்புத் துண்டு போடுறேம்மா. அதுவரைக்கும் சும்மா சும்மா ஓடி வராத." கொடியில் இன்றும் ஒன்றுமில்லை.

"என்னக்கா இது, எலி கடிச்ச மாதிரி? வேலி ஒரே மட்டமா இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுங்க," என்கிறார் சூப்பர்வைசர்.

"பண்ணிடறேன் சார்."

அவர் படியிறங்கியதும் கத்தரியைத் துடைக்கிறாள். வெட்டியது ஒரு நாளில் வளராது. பள்ளத்தின் மட்டத்துக்கு, வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கயிறு கட்டுகிறாள். கத்தரி சடக் சடக்கென்று ஓடுகிறது. வேலி இறங்க இறங்க நகரம் மேலே வருகிறது. இனி எந்த மூலையில் குனிந்து நிமிர்ந்தாலும் மாடி தெரியும். துண்டு வருகிறபோது வரட்டும்.