உப்பு பார்க்கும் வேலை

"உப்பு பாக்கிறதுக்கு ஆறாயிரம் வெள்ளியா? யாரோ உன்னை நல்லா ஏமாத்துறாங்க லா" என்றாள் ரமணி.

அவள் மகள் ரூபினிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் லிஃப்ட் வரும்வரை பொறுக்காமல் ஐந்து மாடி ஏறி ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்க விஷயத்தைக் கொட்டினாள்.

சூலியா தெருவில், சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் காஜா மொய்தீனின் நாசி கண்டார் கடை. நோன்பு மாதத்தில் அங்கே சமைப்பவர்கள் பகலில் எதையும் வாயில் வைப்பதில்லை. சாயங்காலம் நோன்பு திறக்க வரும் கூட்டத்துக்கோ பத்து வகைக் குழம்பு வேண்டும். அதனால் நோன்பில்லாத ஒரு நாக்கு தேவை. மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை, ஒரே ஒரு மாதம். ஆடு, கோழி, மீன் மட்டும் ருசி பார்த்தால் போதும்.

"காலையில முழுக்க எழுதலாம்மா. ஆறாயிரம் கைக்கு வந்தா அப்புறம் ஏழெட்டு மாசம் உட்கார்ந்து நாவலை முடிச்சிடுவேன்."

ரமணிக்கு நாவல் என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். செபராங் ஜெயாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் மகளுக்கு வேலை பேசி வைத்திருந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தன் நாவல் பாதியோடு நின்றுபோகும் என்பது ரூபினிக்கு நன்றாகத் தெரியும்.

"வெறும் வார்த்தைக்கு எவன்டி வெள்ளி குடுப்பான்? நோன்பு முடியிற வரைக்கும் பாப்பேன். காசு வரலைன்னா மறுநாளே ஆபீஸ்" என்று ரமணி கெடு வைத்தாள். "போற இடத்துலயாவது நீட்டி முழக்காம பேசு."

அந்தப் புத்திமதி கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது. ரூபினி அன்று காலையிலேயே நீட்டி முழக்கிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

வேலை கேட்டு ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கரண்டி மீன் குழம்பு. மற்றவர்கள் "ஓகே", "உப்பு கம்மி" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். ரூபினியின் வாய் சும்மா இருக்குமா? புளி முதலில் ஓடி வந்து நாக்கைச் சுண்டுகிறது, மிளகாய் அவசரப்படாமல் தொண்டையில் போய் உட்காருகிறது, கடைசியில் வெந்தயம் லேசாகக் கசந்து வழியனுப்புகிறது என்று அடுக்கிக்கொண்டே போனாள். வேலை போச்சு என்று நாக்கைக் கடித்துக்கொண்டபோது, காஜா மொய்தீன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"மொத நோன்புக்கு வந்துரும்மா" என்றார்.

முதல் நாளே அவளுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. பாத்திரம் கழுவும் சின்னம்மா இவளைக் கண்டதும் சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கத்திலிருந்து நகர்ந்து வழிவிடுவாள். ரூபினி ஒவ்வொரு சட்டியாக ருசி பார்ப்பாள். காஜா மொய்தீன் ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

"சொல்லும்மா. அப்புறம்?"

கோழிக் குருமாவுக்கு மட்டும் பத்து நிமிடம் பேச வைத்தார். பாவம், பசித்த வயிறு, கேட்டாவது ஆறட்டும் என்று அவளும் சளைக்காமல் சொன்னாள். காலையில் நாவல், மதியம் குழம்பு. எழுத்து அப்படி ஓடியது. நின்றுபோயிருந்த பதினாலாவது அத்தியாயம் தாண்டி இருபதைத் தொட்டபோது சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். ரமணி திட்டிக்கொண்டே சுற்றினாள்.

ஒன்று மட்டும் மனதை அரித்தது. மாதம் முழுக்க எந்தக் குழம்பிலும் உப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி நாள் அவர் உறையை நீட்டியபோது அவளுக்குக் கை கூசியது.

"மாமா, நான் ஒரு நாள்கூட ஒண்ணையும் திருத்தலையே. சும்மா வாங்குற மாதிரி இருக்கு."

அவர் சிரித்து மழுப்பிவிட்டு, ராயாப் பெருநாளுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னார்.

பெருநாளன்று வீடு நிறைய ஆட்கள். மேசை நிறைய நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும். உறையில் ஆறாயிரமும் சரியாக இருந்ததால் ரமணிகூட முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தாள். ரூபினி காஜா மொய்தீனின் தட்டில் கறியை அள்ளி வைத்தாள்.

"இன்னைக்குத்தான் நோன்பு இல்லையே, மாமா. நீங்களே சாப்பிட்டுப் பாத்து, நான் சொன்னதெல்லாம் சரியான்னு சொல்லுங்க."

அவர் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ மொதல்ல சொல்லும்மா" என்றார்.

தாயும் மகளும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஹாஜரா சிரிக்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காதபடி ரமணியிடம் குனிந்தாள்.

"உப்பு பாக்க சின்னம்மா போதும், தங்கச்சி. பத்து வருஷமா அவதான் பாக்கிறா. இவருக்குக் கோவிட் வந்து போனதுலேருந்து நாக்குல ருசியே இல்ல. கடைக்காரருக்கு நாக்கு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா வெக்கம்னு மறைக்கிறாரு. நோன்பு மாசத்துல ஆள் வச்சுக் கேட்டா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. உங்க மக பேசுறதைக் கேட்டுத்தான் இந்த மாசம் மனுஷன் ஆசையா சோறு தின்னாரு."

காஜா மொய்தீன் கண்ணை மூடிக் காத்திருந்தார். ரமணி மகளின் முழங்கையில் இடித்தாள்.

"சோறு ஆறுது பாரு. சொல்லுடி, நல்லா நீட்டிச் சொல்லு."