மாதாவே காப்பாத்து

நஸ்ரீனின் லேப்டாப்பில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் ஏற்றிக்கொடுத்தவன் பிரிட்டோ. ப்ராஜெக்ட் அதற்குள் இருந்தது. அடுத்த வைவா அவளுக்கு. திரை விட்டுவிட்டு மினுங்கியதால், தேர்வறை வாசலில் உட்கார்ந்து கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினான், பூட் செட்டிங்கில் ஒரு வரியைத் திருத்தினான். திரை கறுத்துப்போனது. இனி என்ன செய்வதென்று தெரியாததால் வேகமாகத் தட்டச்சு செய்தான்.

"ஒண்ணுமே தெரியலையேடா?"

"உள்ள ஓடிட்டிருக்கு. இதெல்லாம் பார்க்காமத்தான் அடிக்கணும்."

அவள் தோழிகளைக் கூப்பிட்டாள். "இங்க பாருங்கடி, இருட்டுலயே சரிபண்றான்!"

காது சுட, இன்னும் வேகமாக அடித்தான். திடீரென்று திரை விழித்தது. மேலிருந்து கீழ்வரை ஆங்கில எழுத்தில் 'மாதாவே காப்பாத்து'. ஒவ்வொன்றின் கீழும், அப்படியொரு கட்டளை இல்லை என்ற பதில். தோழிகள் சத்தமாகப் படித்தார்கள். பிரிட்டோ தலை நிமிரவில்லை.

உள்ளே நஸ்ரீனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் குனிந்து, தானும் ஒருமுறை அதையே அடித்தாள்.