மூடிக்குள் வளர்ந்த பாப்பா

சங்கு நண்டுக்கு வயிறு மெத்தென்று இருக்கும். காலிச் சங்கு ஒன்றில் புகுந்துகொண்டால்தான் கொக்குக்குத் தப்பலாம். ஒரு தாய் நண்டுக்குத் தன் பாப்பாவைக் குடிவைக்கக் கிடைத்தது ஒரு மருந்துப் புட்டியின் மூடிதான்.

"இடிக்குதும்மா."

"கொஞ்சம் சுருங்கிக்கோ கண்ணு. அம்மா வேற வீடு பார்க்கிறேன்."

பாப்பா சுருங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை.

"உன் பொண்ணு எவ்வளவு சமத்துடி! என்னோடது மாசத்துக்கு ஒரு வீடு கேட்குது" என்றாள் பக்கத்து வீட்டு நண்டு. தாய்க்குப் பெருமையாக இருந்தது.

ஒரு நாள் அலை ஒரு பெரிய சங்கைக் கொண்டுவந்து போட்டது. பாப்பாவின் வயதுக்கு ஏற்ற சங்கு.

"ஓடு கண்ணு, கொக்கு பார்க்கிறதுக்குள்ள!"

பாப்பா உள்ளே போனாள். போய்க்கொண்டே இருந்தாள். தாய் சங்கின் வாயருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"பாப்பா?"

"உள்ளே யாரோ இருக்காங்கம்மா." குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"யாருடி?"

"என்னை மாதிரியே இருக்கா. ஆனா பெருசா இருக்கா. அவ பேரும் பாப்பாதானாம். நீ ஏன் வளரலைன்னு கேட்கிறா. என்னம்மா சொல்லட்டும்?"