புடைத்து முடியாத உளுந்து

"அம்மா, உளுந்து மூடையைப் புடைச்சி முடிச்சிட்டியா?" பெங்களூரிலிருந்து மகன் ஹரி கேட்டான்.

"இன்னைக்கும் முடியலய்யா" என்றாள் மீனாட்சியம்மாள்.

"தெனமும் இதேதான் சொல்லுத. ஏன் முடியலன்னு யோசிச்சியா? மொத்த மூடையையும் பாத்தா மலைப்பாத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு சொளவு மட்டும் புடை. முடியுத வரைக்கும் நான் விடமாட்டேன்."

"நாளைக்கும் கேப்பேல்லாய்யா?"

"சாயங்காலம் கண்டிப்பாக் கூப்பிடுவேன்."

போனை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பொன்மணியின் தட்டில் சூடாக இன்னொரு இட்லி வைத்தாள்.

பொன்மணி விழித்தாள். "என்ன பெரியம்மா இது? போன மாசமே ரெண்டு பேரும் சேந்து புடைச்சி முடிச்சோமே! அந்த உளுந்துலதான இந்த இட்லி?"

"ஏட்டி, முடிச்சாச்சின்னு சொல்லிட்டா, பழையபடி தீவாளிக்கும் பொங்கலுக்குந்தான கூப்பிடுவான்?"